சுண்டெலியின் பின்பக்கம்

"ஹலோ… ஆமா… ஆமா, பேராசிரியர்தான் பேசறேன்… ஆமாங்க, அவரேதான்… மேடைக்கு நான் எப்ப வரணும்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா… யாரு?… அக்காவா? என்னக்கா, வேற நம்பர்லேர்ந்து கூப்பிடறே?"

மேடைக்காகச் சுருதி கூட்டி வைத்திருந்த குரல் சறுக்கிக்கொண்டே வந்து வீட்டுக் குரலாகிவிட்டது. பேராசிரியர் சுழல் நாற்காலியில் சாய்ந்தார். பதவி உயர்ந்தபோது அவரே பார்த்து வாங்கிய நாற்காலி அது. அதன் முதுகு அவர் தலைக்கு மேலே இன்னொரு தலை உயரத்துக்கு எழும்பி நிற்கும். எதிரே நின்று பார்த்தால், யாரோ பெரிய மனிதருக்குப் போட்டுவைத்த இடத்தில் அவர் வரும்வரை இவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். எதை வாங்கினாலும் ஓர் அளவு பெரிதாக வாங்குவது பேராசிரியரின் சுபாவம்.

ஜன்னலுக்குக் கீழே, அரங்க வாசலில், பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அவர் முகம். இன்னொரு பக்கம் ஒரு கறுப்புச் சுண்டெலியின் முகம். வரைந்தவர் இருவருக்கும் சமமான மரியாதை கொடுத்திருந்தார். நடுவில் கொட்டை எழுத்தில், கதிர்வீச்சிலிருந்து மானுட மூளையின் அச்சத்தைப் போக்கிய மேதைக்குப் பாராட்டு என்று இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவரும் அந்த மேதைதான். கேட்டார்கள், கொடுத்தார்.

"ஆஸ்பத்திரி கவுன்ட்டர் போனா இது?… உன் போன்ல சார்ஜ் இல்லையா… சரி… சரி… அத்தான் எங்க?… டிரெஸ் மாத்தப் போயிருக்காரா? எதுக்கு?… இன்னிக்கேவா ஆரம்பிக்கறாங்க? அடுத்த வாரம்னுல்ல சொன்னே… ம்… ம்…"

அத்தானுக்கு நுரையீரலில் வந்த நோய் தலைக்குப் போயிருந்தது. படத்தில் பார்த்தால் மூளையில் கடுகைத் தூவியதுபோல் அங்கங்கே சின்னச் சின்னக் கட்டிகள். தலை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. பேராசிரியர் முந்தின வாரம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அத்தான் சொன்ன ஜோக்குகளுக்குச் சிரித்தார். கதிர்வீச்சைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார்களே என்ற நிம்மதியில் படியில் இரண்டு இரண்டாக இறங்கி வந்தவர், வாசலில் நின்று, நாம் எதற்காக இப்படி ஓடி வந்தோம் என்று யோசித்தார். யோசித்தவரை போதும் என்று காரில் ஏறிவிட்டார்.

"இரு இரு, மெதுவாச் சொல்லு… ரெண்டு வழி இருக்குன்னு சொன்னாங்களா? யாரு, அந்தச் சின்ன டாக்டரம்மாவா?… சரி… ஒண்ணு, இங்கேயே இன்னிக்கே ஆரம்பிச்சுடறது… ஆமா… இன்னொண்ணு, பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரியில… ஆமாக்கா, தெரியும். அங்க இருக்கற மெஷின் வேற. ஞாபகத்தச் சேத்து வைக்கற எடத்த மட்டும் ஒதுக்கிட்டு மிச்ச எடத்துல கதிர் குடுப்பாங்க… ஆமா, மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கு, சின்ன எடம்தான்… எவ்வளவு நாள் காத்திருக்கணும்?… அவ்வளவுதானா? அதுவரைக்கும் கட்டி தாங்கும்னு டாக்டரே சொல்றாங்கல்ல?… அப்பறம் என்ன, அங்கேயே போங்க. பேஷா போங்க."

சொல்லி முடித்ததும் பேராசிரியருக்கு மூச்சு லேசாக வந்தது. கேள்வி வந்தது, பதில் சொல்லியாயிற்று, பதிலும் யோக்கியமான பதில். ஆனால் அக்கா அத்தோடு போனை வைக்கிற ஆள் இல்லை.

"ஏன் வேணாங்கறே?… நானா?… நான் எப்பக்கா சொன்னேன்?… ரேடியோலயா… அது வந்து… ஆமா, பேப்பர்லயும் வந்துச்சு… ஆமா… ஆமாக்கா, நான்தான் சொன்னேன். இல்லேங்கல."

சொல்லத்தான் சொல்லியிருந்தார். தலையில் கதிர் பட்டால் நினைவு மங்கிவிடும் என்பது விஞ்ஞானத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்ட மூடநம்பிக்கை என்று வானொலியில் முழங்கினார். அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தபோது, 'மூட' என்ற இடத்தில் கையை எப்படி ஓங்குவது என்பதுகூட முடிவாகியிருந்தது. வானொலிக்குக் கை தெரியாது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

ஆராய்ச்சி இதுதான். சில சுண்டெலிகளின் தலையில் மட்டும் கதிரைப் பாய்ச்சினார்கள். சில எலிகளைச் சும்மா விட்டார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் விட்டு நீந்தச் சொன்னார்கள். அடி தெரியாதபடி தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்து கலக்கியிருக்கும். எங்கேயோ ஓரிடத்தில், மேலே தெரியாமல், கால் வைத்து நிற்க ஒரு மேடை இருக்கும். நினைவுள்ள எலி நேற்றுக் கண்டுபிடித்த மேடையை இன்றைக்கும் நேராகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நினைவு போன எலி தொட்டியைச் சுற்றிச் சுற்றி வரும். கதிர் பட்ட எலிகளெல்லாம், படாத எலிகளைப் போலவே, நேராகப் போய் மேடையில் ஏறி நின்று மீசையைத் துடைத்துக்கொண்டன. உலகமே ஆச்சரியப்பட்டது. பேராசிரியருக்கு அவ்வளவாக ஆச்சரியம் இல்லை. தன்னிடமிருந்து இப்படி ஏதோ ஒன்று வரும் என்று அவர் வெகுகாலமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்டயே அந்தப் பேப்பரக் காட்டினியா?… அவங்க என்ன சொன்னாங்க?… படிச்சிருக்காங்களா… ஓ… அப்படியா சொன்னாங்க… உங்க தம்பி சொல்றது சரியா இருந்தா இங்கேயே பண்ணிக்கலாம்னு… ம்… என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்களா?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. எலி வேற, மனுஷன் வேற… தன்னடக்கமா? எனக்கு எப்பக்கா அதெல்லாம் இருந்துச்சு… இல்ல, அப்படியில்ல. விஞ்ஞானத்துல ஒரு முடிவுங்கறது எப்பவுமே தற்காலிகமானது. மாதிரியின் அளவு, புள்ளியியல் ரீதியான பொருண்மை, இதையெல்லாம் கருத்துல எடுத்துக்கிட்டோம்னா… தமிழ்லதான்க்கா பேசறேன்."

கதவைத் தட்டிவிட்டு விழாக் குழுச் செயலாளர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கவலைப்படுவதையே உத்தியோகமாகக் கொண்டவர் அவர். மழை வராதா என்று கவலைப்பட்டு முடிப்பதற்குள், வந்துவிடுமோ என்று தொடங்கிவிடுவார். பேராசிரியர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, போட்டோக்காரரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் என்று கையாலும் கண்ணாலும் சொன்னார். தலை வெளியே போயிற்று.

"இல்லக்கா, உன்கிட்ட இல்ல… விழா சமாச்சாரம்… அது கெடக்குது விடு… அத்தான் கடையில டிவி வச்சிருக்காரா? எதுக்கு?… இந்த விழாவப் பாக்கவா… எல்லாருக்கும் சொல்லிட்டாரா…"

அத்தான் இரும்புச் சாமான் கடைக்காரர். ஆணி, திருகு, போல்ட், நட், கொக்கி, கீல் என்று தரையிலிருந்து கூரைவரை டப்பாக்கள். ஒன்றில்கூடப் பெயர் எழுதியிருக்காது. எழுதிவை என்று அக்கா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். டப்பாவுக்கு நெற்றியில் சீட்டு ஒட்டினால் அது கோபித்துக்கொள்ளும் என்பார் அத்தான். யாராவது வந்து துருப்பிடித்த ஒரு துண்டைக் காட்டினால் போதும். பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் கையை நீட்டுவார். சரியானது கையில் வரும். கடை என்று தெருவில் இருப்பது பாதிதான். மீதி அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையைத்தான் இன்றைக்குக் கதிருக்குக் கீழே வைக்கப் போகிறார்கள். கல்லாப் பெட்டிக்கு மேலே, கறுப்புச் சுண்டெலி படத்தோடு, மைத்துனரின் பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது. அந்தக் கடையிலேயே சீட்டு ஒட்டிய ஒரே பெட்டி அதுதான்.

"அத்தான் வந்துட்டாரா?… குடு… ஹலோ… சொல்லுங்க அத்தான்… ஆமா, எலியார்தான் பேசறேன்…"

அத்தான் வைத்த பெயர் அது. வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் பேராசிரியர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருப்பார்.

"குரல் நல்லா இருக்கே அத்தான்… தலைக்கு மூடி பண்ணியிருக்காங்களா? மூஞ்சிமேல அச்செடுத்தாங்களா… உங்க மூஞ்சியவிட அது லட்சணமா இருக்கா… அக்கா அதையே வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேங்கறாளா…" பேராசிரியர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அது எதுக்குன்னா, படுத்திருக்கறப்ப தலை ஆடாம இருக்கணும்ல. ஆடிச்சுன்னா கதிர் வேற எடத்துல பட்டு…"

சிரிப்பு பாதியில் நின்றது.

"…எலிக்கா?… இல்ல அத்தான், எலிக்கு மூடியெல்லாம் கெடையாது… அதுக்கு ஒரு குழாய்… குழாய்க்குள்ள வச்சு…"

குழாய் என்று சொன்ன வாய் மேற்கொண்டு நகரவில்லை.

குழாய் பேராசிரியரே தேர்ந்தெடுத்தது. சுண்டெலிக்கென்று விற்கிற குழாய் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. விலைப்பட்டியலின் படத்தில் பார்க்கவே ஏழைமையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், உருவத்தில் பெரிய வெள்ளெலிகளுக்கானது, கண்ணாடிபோல் பளபளவென்று, கம்பீரமாக இருந்தது. பின்னால் வெள்ளெலிக்கும் உதவும் என்று சொல்லி அதை வரவழைத்தார். குழாயை ஒரு கனத்த ஈயப் பாளத்துக்குள் செருக வேண்டும். ஈயத்தைத் தாண்டிக் கதிர் போகாது. ஒரு முனையில் மட்டும், தலை இருக்கும் இடத்துக்கு நேராக, சின்ன ஜன்னல் வெட்டியிருக்கும். எலியைத் தலை முன்னால் இருக்கும்படி வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கதிர் பாயும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

உள்ளே இருந்தது சுண்டெலி மட்டும்தான். ஜன்னல் வழியாக வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது. பின்னால் ஈயத்தின் அடியில் நல்ல இருட்டு. குழாயிலோ ஒரு குடும்பமே புரண்டு படுக்க இடம் இருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் சுண்டெலி என்ன செய்யுமோ, அதை அது செய்தது. திரும்பிப் படுத்துக்கொண்டது. தலை ஈயத்துக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஜன்னலுக்கு நேராகப் பின்பக்கம் இருந்தது. ஒன்று இரண்டு அல்ல, ஏறக்குறைய எல்லா எலிகளும் இதே முடிவுக்குத் தனித்தனியாக வந்திருந்தன.

இதைப் பேராசிரியரிடம் யாரும் சொல்லவில்லை. அவரே பார்த்தார். கறுப்பு எலிக்குக் கதிர் பட்ட இடத்தில் மயிர் நரைக்கும். கட்டுரைக்குப் படம் எடுக்க ஒரு மத்தியானம் தனியாகக் கூண்டு அறைக்குப் போனவர், எலியின் தலை கன்னங்கரேலென்று இருப்பதையும், வாலுக்கு மேலே சாம்பல் பூசியதுபோல் ஒரு திட்டு இருப்பதையும் பார்த்தார். அடுத்த கூண்டிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கடுத்த கூண்டிலும் அப்படித்தான். வயதானால் நரைக்காதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எலிகள் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துவரை மட்டும் படத்தில் விழும்படி கேமராவைக் கிட்டே கொண்டுபோனார். 'தலையில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது' என்று அந்தப் படத்துக்கு அடியில் எழுதினார். எல்லோரும் கவனித்தார்கள்.

"ம்… இருக்கேன் அத்தான்… லைன்லதான் இருக்கேன்… இங்கேயே பண்ணிக்கறேன்னு கையெழுத்தா? கடைய விட்டுட்டு அவ்வளவு தூரம் போகணுமான்னு… என் வார்த்தை போதுமா… அத்தான், இருங்க. போடாதீங்க. பேனாவக் கீழ வைங்க… ஒண்ணுமில்ல… அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க."

கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். விழாவுக்காக மடித்து வைத்திருந்த கைக்குட்டை அது. சட்டைப் பைக்கு வெளியே மூன்று முனை தெரியும்படி அவர் மனைவி அரைமணி நேரம் பாடுபட்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் திரும்பி நின்னு பேசு. அத்தானுக்குக் கேக்க வேணாம்… ஆச்சா?… எலி திரும்பிடுச்சுக்கா… திரும்பிடுச்சு… ஓடிப் போகல. எங்கயும் போகல. குழாய்க்குள்ளயே திரும்பிப் படுத்துக்கிச்சு… நான் நல்லாத்தான் இருக்கேன், காலையில சாப்பிட்டேன். நீ கேளு. தலை இருக்க வேண்டிய எடத்துல பின்பக்கம் இருந்துருக்கு… ஆமா, பின்பக்கம்… அதேதான்க்கா… அதனால என்னவா? தலைக்குக் கதிரே போகல. பின்பக்கத்துல பட்டிருக்கு. பின்பக்கத்துல பட்டா மூளை நல்லாத்தான இருக்கும்."

இதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அவர் தன் ஆராய்ச்சியை எங்கேயும் விளக்கியதில்லை.

"…தப்பு எல்லாருக்கும் வரும்தான்… இல்ல… இன்னிக்குத் தெரிஞ்சதில்ல… நேத்தும் இல்ல… பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே தெரியும்… ஆமா. ரேடியோவுக்கு முன்னாடியும்தான்… அக்கா?… இருக்கியா?… அக்கா…"

சின்ன வயதில் அவர் எதை உடைத்தாலும் காற்றில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுவாள் அக்கா. ஜன்னல் சாத்தியிருந்த நாட்களிலும் அந்த வீட்டில் காற்று பலமாகவே அடித்தது. பேராசிரியர் இப்போதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பது எதற்காக என்று அவருக்கே தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தார்.

வந்தது.

"…அப்படிச் சொல்லிடலாங்கறியா?… அந்த ஆஸ்பத்திரிதான் சௌகரியம்னு… சொந்தக்காரங்க வீடு பக்கம்னு… ஆமா… என் பேரே இதுல வர வேணாம்… ஆமாக்கா, அத்தான் தலை தப்பிச்சாப் போதும்… நீ சொல்றது சரி… ரொம்ப சரி… அத்தான்கிட்டயும் சொல்ல வேணாம்… விழா நடக்கட்டும்… பின்னால பாத்துக்கலாம், நிதானமா ஒரு திருத்தம் மாதிரி… ஆமா… ஆமா… ஆமா…"

ஒவ்வோர் ஆமாவுக்கும் முதுகு நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கடைசி ஆமாவில் கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துக் கைக்குட்டையைக்கூட மறுபடி பையில் செருகிக்கொண்டார். மூன்று முனை தெரியவில்லை, ஒன்றுதான் தெரிந்தது. பரவாயில்லை.

"சரி, வைக்கட்டுமா?… என்ன?… பக்கத்து சீட்டு அம்மாவா? அவங்களுக்கு என்ன?… நீ குடுத்தியா?… எத குடுத்தே?"

அக்கா அந்தப் பேப்பர் துண்டை நகலெடுத்துக் கைப்பையில் வைத்திருந்தாள். காத்திருக்கும் இடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், என் தம்பி, என்று சொல்லிக் கொடுப்பாள். தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவளுக்கு நோய், ஆஸ்பத்திரி எல்லாம் மறந்துபோகும்.

"அவங்களுக்கும் தலையா?… அவங்களுக்கும் ரெண்டு வழி சொன்னாங்களா… உன் பேச்சக் கேட்டு இங்கேயே போதும்னுட்டாங்களா… கையெழுத்துப் போட்டாச்சா?… இப்ப எங்க அவங்க?… உள்ள கூப்பிட்டாங்களா? எப்ப?"

பேராசிரியர் எழுந்துவிட்டார். நாற்காலி தானாகவே ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னலைப் பார்த்து நின்றது.

"அழாதக்கா. நீ என்ன பண்ணுவே, நான் சொன்னதத்தான நீ சொன்னே… அழாத. டாக்டர் எங்க?… கூப்பிடு. சத்தம் போட்டுக் கூப்பிடு. போன அவங்ககிட்ட குடு… யோசிக்கல்லாம் நேரமில்ல, குடு."

காத்திருந்த அந்தச் சிறு நேரத்தில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கதோஷம்.

"வணக்கம் டாக்டர்… ஆமா… நன்றி… நன்றி… ரொம்ப நன்றி… அந்தக் கட்டுரையப் பத்தித்தான் பேசணும். அதுல பரிசோதனை அமைப்பு சார்ந்த ஒரு சிறிய… அதாவது நோக்குநிலை ரீதியான ஒரு விலகல்… இல்ல, அளவுல பிழை இல்ல. அளவு சரிதான். எடம்தான்… திசை… டாக்டர், எலி திரும்பிடுச்சு."

சொல்லியாயிற்று. டாக்டருக்குச் சிரிக்க நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்தடுத்துக் கேள்விகள் வந்திருக்க வேண்டும். பேராசிரியர் வகுப்பில் எழுந்து நிற்கும் மாணவனைப்போல் நின்றுகொண்டு பதில் சொன்னார்.

"கறுப்பு எலிதான்… ஆமா, நரைச்சுது… தலையில இல்ல. வாலுக்கு மேல… ஆமா டாக்டர், நீங்க நெனக்கறது சரி… அந்தப் படம் நான் எடுத்ததுதான்… இல்ல, படத்துல அது தெரியாது. கழுத்தோட நிறுத்திட்டேன்… வேணும்னுதான்… அப்பறம் பேசலாம் டாக்டர், எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். இப்ப ஒரு அம்மா உள்ள போயிருக்காங்களாம்… அவங்கதான்… என் கட்டுரைய நம்பித்தான்… போய் நிறுத்துங்க. நான் லைன்ல இருக்கேன்."

ரிசீவரைக் கவுன்ட்டர் மேல் போட்ட சத்தம் காதில் விழுந்தது. செருப்பு ஓடும் சத்தம். பிறகு ஆஸ்பத்திரியின் பொதுவான இரைச்சல் மட்டும்: யாரோ இருமினார்கள், ஏதோ வண்டி உருண்டது, ஒரு குழந்தை எதற்காகவோ அடம்பிடித்தது.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் உள்ளே வந்தார். போனில் பேச்சு இல்லாததால் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ, அல்லது கவலை தாங்கவில்லையோ, குஞ்சம் வைத்த ஒரு பட்டு வில்லையைப் பேராசிரியரின் கோட்டில் குத்தத் தொடங்கினார். ஊசி கோட்டைத் தாண்டிச் சட்டையையும் தாண்டி உள்ளே போயிற்று. பேராசிரியர் ஆ என்றுகூடச் சொல்லவில்லை. செயலாளர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து வில்லையைப் பார்த்தார். கோணலாக இருக்கிறதென்று கழற்றி மறுபடியும் குத்தினார். அமைச்சரிலிருந்து மாணவர்கள்வரை எல்லோரும் வந்தாயிற்று என்று கிசுகிசுத்தார். பேராசிரியர் அவரை ஒரு சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். செயலாளர் புதிதாக ஒரு கவலையோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"ஹலோ… டாக்டரா?… ஆமா, இருக்கேன்… வெளிய வந்துட்டாங்களா?… மூடி மாட்டிட்டாங்களா… ஆரம்பிக்கல இல்ல? கதிர் போடலயே?… நிச்சயமா?… நிச்சயமா டாக்டர்?… சரி… சரி…"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"…அவங்களையும் அத்தானோட அங்க அனுப்பறீங்களா… ரொம்ப நல்லது… பத்திரிகைக்கு இன்னிக்கே எழுதறேன்… இல்ல, இன்னிக்கே. கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறேன்னு… நீங்களும் எழுதுவீங்களா?… எழுதுங்க. எழுதறதுதான் முறை… வேற ஆஸ்பத்திரிங்களுக்கும் தெரிவிக்கணுமா… ஆமா… அத நான் யோசிக்கல… ஆமா டாக்டர், யோசிச்சிருக்கணும்… அவங்ககிட்ட, அந்த அம்மாகிட்ட, நான் மன்னிப்பு… வேணாமா… சரி. அவங்களுக்கு முதல்ல தண்ணி குடுங்க… ஆமா. வைக்கறேன்… யாரு? அத்தானா?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் கவுன்ட்டரில் நின்று பேசியது ஒரு தாழ்வாரத்துக்கே கேட்டிருக்கும். அத்தானுக்குக் காதில் எந்தக் கட்டியும் இல்லை.

"…சொல்லுங்க அத்தான்… ஆமா… ஆமா, பின்பக்கம்தான்… நரைச்சுதான் போச்சு…"

அத்தான் சிரித்திருக்க வேண்டும். பேராசிரியரின் உதட்டோரமும் மரியாதைக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, சிரிப்பாகவில்லை.

"எலிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல… ஆமா அத்தான்… இனிமே உங்க தலைக்குப் பதிலா வேற எதையாவது நீட்டறீங்களா… நீட்டுங்க… அத்தான், என்னைத் திட்டுங்க. சிரிக்காதீங்க. திட்டுங்க… எப்ப கெளம்பறீங்க?… நாளைக்கே போயிடுங்க. நான் வண்டி அனுப்பறேன்… வேணாமா… பஸ்லயே… சரி… கடைய அக்கா பாத்துக்குவாளா… ஆமா, அவளுக்கு ஒரு டப்பாவும் தெரியாதுதான்… வர்றவங்களத் திரும்பி வரச் சொல்லிக்கலாம்… ம்…"

கீழே அரங்கில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். கைதட்டல் ஒத்திகைபோல் கொஞ்சம் எழுந்து அடங்கியது.

"…அதுவா? விழாதான்… ஆமா, எல்லாரும் வந்துட்டாங்க… போய்ச் சொல்லிடறேன் அத்தான். இதையேதான் சொல்லப் போறேன். வேற என்ன இருக்கு சொல்றதுக்கு?… நம்புங்க… நம்பறீங்களா?… சரி… ஒண்ணு கேக்கணுமா? கேளுங்க."

அத்தான் கேட்டார். நீளமான கேள்வி இல்லை. பேராசிரியரின் முகத்தில் மேடைக்காகப் பூசியிருந்த பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிய ஆரம்பித்தது. அதன் அடியில் இருந்த நிறம் போய்விட்டது.

"நீங்க இதுல இல்லேன்னாவா?… அக்காவும் போன் பண்ணலேன்னா… அந்த அம்மா மட்டும்… யாருன்னே தெரியாத ஒருத்தங்க மட்டும் போன் பண்ணிக் கேட்டிருந்தா… நான் சொல்லியிருப்பேனான்னா கேக்கறீங்க?"

அவர் காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"ஹலோ… ஹலோ… அத்தான், சரியாக் கேக்கல… ஹலோ… லைன் விட்டு விட்டு வருது… ஹலோ…"

லைன் விட்டு விட்டு வரவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் மொத்தமும் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அக்கா யாரையோ சமாதானப்படுத்துவது கேட்டது. அதற்கெல்லாம் முன்னால், ரிசீவருக்கு வெகு அருகில், அத்தானின் குட்டையான மூச்சு கேட்டது. அவர் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை. அவசரம் ஒன்றும் இல்லாதவர்போல் அந்த மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் மறுபடியும் ஹலோ சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"…இல்ல அத்தான். சொல்லியிருக்க மாட்டேன்."

மறுமுனையில் ரிசீவரை வைக்கும் ஓசை கேட்டது. மெதுவாகத்தான் வைத்தார்.